கதை எழுத இதுவா நேரம்?

நாடு ஒரு நெருக்கடியிலிருந்து மற்றொரு நெருக்கடிக்கு நடந்துகொண்டிருக்கும் வேளையில், கதை எழுதுகின்றவனை நிறுத்தி வைத்து இக்கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கல்லாதவர்கள் அல்லர். சட்டம் பயின்றவர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள், கச்சேரியிலே பொறுப்பான ஆசனங்களில் அமர்ந்திருப்பவர்கள். "நிலம் பறிபோகிறது, நீதி தாமதமாகிறது, மனு எழுத ஆளில்லை, அறிக்கை எழுத ஆளில்லை. இந்நிலையில் எழுதத் தெரிந்த ஒருவன் இல்லாத மனிதரை உண்டாக்கி, நடவாத காரியங்களை நடந்தனவாகச் சொல்லி ஏன் பொழுதைக் கழிக்க வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது.

கமக்காரர் கேட்கும் கேள்வியோ வேறு. மூதூரிலும் சம்பூரிலும் வெருகலிலும் தம்பலகாமத்திலும் கதைக்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்று அறிந்தால், "எங்கள் கதையை எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்றே கேட்பார்கள். படித்தவர் கதை வேண்டாம் என்கிறார். பாடுபடுகிறவர் கதை எங்கே என்கிறார். இந்த முரண்பாடு எங்ஙனம் வந்தது என்று ஆராய்வதற்குத் திருகோணமலையை விடத் தகுந்த மாவட்டம் வேறில்லை என்பது என் துணிபு. உலகத்தார் நாவெல்லாம் இத்துறைமுகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

கொட்டியாரக் குடாவை எடுத்துக்கொள்வோம். மகாவலி கங்கை நாடெல்லாம் சுற்றிவந்து கடலோடு கலக்கும் இடம் அது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புயலிலே பாய்மரத்தை இழந்து, செப்பனிடுவதற்காக அங்கே வந்து நங்கூரமிட்டது. கப்பலின் தலைவரையும், அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும், உடன் வந்தோர் சிலரையும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் சிறைபிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே கிடந்து, பின்னர் தப்பியோடிய மகன் 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலை டானியல் டீபோ படித்திருந்தார். 1720இல் அவர் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' என்ற கதையிலே நொக்ஸின் வரலாற்றை எடுத்தாளவும் செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்து உலகமெல்லாம் பரவிய 'றொபின்சன் குரூசோ'விலும் நொக்ஸின் தனிமையினுடைய சாயல் உண்டென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

ஆங்கில நாவலின் தொட்டிலுக்குக் கொட்டியாரத்திலிருந்தும் ஒரு கயிறு போயிருக்கிறது என்று நாம் பெருமை பேசலாம். பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கப்பல் வந்து நின்ற அந்த நாளிலே கரையில் நின்றவர்கள் யார்? அந்தப் பருவத்தில் அவர்கள் வெள்ளாமை எப்படி இருந்தது? கப்பலைக் கண்டு அஞ்சினார்களா, பண்டமாற்றுக்கு ஆயத்தமானார்களா? சிறைபிடிக்க வந்த அரசனின் ஆட்களுக்கு இவர்கள் சோறு போட வேண்டியிருந்ததா? இவற்றை அறிய வழியில்லை. நொக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. அவர் தம் துன்பத்தை எழுதினார், அதனை எழுதும் உரிமை அவருக்கு உண்டு. எழுதியவனே கதையின் நடுவில் நிற்பான். எழுதாதவன் கரையிலே நிழலாய் நிற்பான். அவ்வளவுதான் செய்தி.

நம்மவர் எழுதத் தொடங்கியபோதாவது இந்நிலை மாறியதா? உடனே மாறவில்லை. தமிழிலே முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். 1895இல் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிக்கும் 'மோகனாங்கி' சென்னையில் அச்சேறிற்று. அதனை எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை; திருகோணமலையிலே பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியின் நூல்நிலையத்தில் பணியாற்றியவர். தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் உடன்பிறந்தவர். தமிழ் வரலாற்று நாவலுக்குத் தலைமகனைத் தந்த ஊர் திருகோணமலை என்பதை நம்மவரில் எத்தனை பேர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்?

அந்த நாவலின் பொருள் யாது? நாயக்கர் காலத்து அரச மரபினரின் காதலும் பகையும். சரவணமுத்துப்பிள்ளை பிறந்த ஊரிலே வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டத் தொடங்கினர். பின்பு ஒல்லாந்தர் வந்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் போயிற்று, மறுபடியும் ஒல்லாந்தர், 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். ஓராண்டுக்குள்ளே மூன்று கொடிகளைப் பார்த்த ஓர் ஊரின் மீன்காரி எந்தக் கொடிக்காரனுக்கு மீன் விற்றாள், எந்த நாணயத்தை வாங்கினாள் என்று எழுதியிருந்தாலே ஒரு காவியம் ஆகியிருக்கும். அவர் தொலைவிலுள்ள அரண்மனையைப் பார்த்தார். தம் வீட்டு வாசலிலே கிடந்த கடலைப் பார்க்கவில்லை.

இது அவர் குற்றமென்று சொல்லத் துணியேன். கதை என்றால் அரசன் இருக்க வேண்டும், அரசி இருக்க வேண்டும் என்று வாசகர் எதிர்பார்த்த காலம் அது. புத்தகத்தை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்களும் சென்னையிலேதான் மிகுதி. வாசகன் எங்கே இருக்கிறானோ அந்தத் திசையை நோக்கியே எழுத்தாளன் முகம் திரும்பும். இன்றும் நிலைமை பெரிதும் வேறன்று. சென்னையிலுள்ள பதிப்பாளரையும் புலம்பெயர்ந்த வாசகரையும் மனத்தில் வைத்து எழுதப்படும் ஈழத்துக் கதைகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

முகம் திரும்புவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. மூதூரிலே 1925இல் பிறந்து, ஆசிரியராய்ப் பணியாற்றி, 2001இல் மறைந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்ற சிறுகதையை எழுதினார். அதிலே அரசனில்லை, மாளிகையில்லை. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவ இளைஞன் இருக்கிறான். பிறர் தோணியில் உழைப்பவனுக்கும் தன் தோணியில் உழைப்பவனுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை அக்கதை போலத் தெளிவாகச் சொன்ன பொருளியல் நூல் எதனையும் யான் கண்டதில்லை. கடனுதவித் திட்டங்களைப் பற்றிக் கடற்றொழில் திணைக்களத்தார் எழுதிய அறிக்கைகளை ஒருபுறமும், அந்தச் சிறுகதையை மறுபுறமும் வைத்துப் பாருங்கள்; எது நெஞ்சில் நிற்கிறது என்று பாருங்கள். அவருடைய 'கொழுகொம்பு' நாவலும், நா. பாலேஸ்வரியின் 'சுடர்விளக்கு' முதலான நாவல்களும் இம்மாவட்டத்து வீடுகளுக்குள்ளே புகுந்து பார்த்த எழுத்துக்கள். இவற்றுக்குக் களம் அமைத்தவை வார ஏடுகளே. 1947இல் தந்தை செல்வா தொடங்கிய 'சுதந்திரன்' ஓர் அரசியல் ஏடு, ஆயினும் எஸ். டி. சிவநாயகம் ஆசிரியராயிருந்த காலத்தில் அது ஈழத்துச் சிறுகதைக்கு எத்துணைப் பெரிய பண்ணையாக விளங்கிற்று என்பதை மூத்த வாசகர் அறிவர். அரசியலுக்கும் கதைக்கும் பகை என்று அன்று எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

அக்காலத்திலே இன்னொரு சண்டையும் நடந்தது. மீனவனும் கமக்காரனும் தாம் பேசும் பேச்சிலேயே கதையில் பேசலாமா என்று 1960களின் தொடக்கத்தில் பண்டிதர்களுக்கும் எழுத்தாளர்களுக்குமிடையே பெரும் வாதம் மூண்டது. மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர். பேச்சு வழக்கை இழிசனர் வழக்கு என்று தள்ளினர் ஒரு சாரார். சண்டையில் எழுத்தாளர் பக்கமே வென்றது, வென்றது நன்று. 'பயிர்' என்று எழுதினால் பொருள் விளங்கும். 'வெள்ளாமை' என்று எழுதினால் அந்த மண்ணே விளங்கும். கரைவலை, வாடி, வட்டவிதானை, பொலி, சூடு மிதிப்பு ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலின் வரலாற்றைத் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கின்றன. சூடு மிதிக்கும் எருமைகள் களத்தைவிட்டுப் போய் இயந்திரம் வந்துவிட்டது. சொல்லை எழுதி வையாவிட்டால் எருமையோடு சொல்லும் போய்விடும்.

இனி, கதை வேண்டாம் என்பவரின் வாதத்துக்கு வருவோம். செய்தியும் அறிக்கையும் மனுவும் போதுமென்கிறார்கள். போதுமா?

1957 ஒக்டோபரில் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியக் கொடி இறங்கிய நாள். இறங்க வேண்டிய கொடிதான், அதிலே ஐயமில்லை. பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. ஆனால் அந்தத் தளத்தை நம்பி இருந்தவர்கள் பலர். பட்டறையிலே இரும்பு வேலை செய்தவர், எண்ணெய் ஏற்றியவர், கணக்கெழுதியவர், துணி வெளுத்தவர், மரக்கறி கொடுத்தவர் என்று ஒரு சிறு நகரமே அதன் மேல் உட்கார்ந்திருந்தது. கொடி இறங்கியதற்கு மறுநாட் காலை, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக இடமின்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த ஒருவனுடைய நெஞ்சத்தை எந்தத் தலையங்கம் எழுதிற்று? தேசத்தின் மகிழ்ச்சியும் ஒரு வீட்டின் துயரமும் ஒரே நாளில் ஒரே ஊரில் நிகழலாம். தலையங்கம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒருங்கே சொல்ல வல்லது கதை. அதற்கு முந்திய ஆண்டு, 1956 ஓகஸ்டில், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ் மக்கள் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து திருமலைக்கு யாத்திரையாய் நடந்து வந்தனர். அம்மாநாட்டின் தீர்மானங்கள் அச்சிலே இருக்கின்றன. நடந்தவர்களின் கால் கொப்புளங்களைப் பற்றியும், வழியிலே மோர் கொடுத்த வீடுகளைப் பற்றியும் தேடுங்கள். முதியவர் வாய்ச்சொல்லாகவே கிடைக்கும், அதுவும் இன்னும் சில ஆண்டுகளுக்கே.

மாவிலாற்றை நினைத்துப் பாருங்கள். 2006 ஜூலையில் அதன் மதகு மூடப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் அப்பெயரை எழுதின. அதிலிருந்து தொடங்கிய போர் கிழக்கையே புரட்டிப் போட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மகாவலி பெருக்கெடுத்து, மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர்ப் பகுதியும் வெருகலும் நீரில் மூழ்கியபோது மறுபடியும் அப்பெயர் செய்தியில் வந்தது. தண்ணீர் நின்றபோது ஒரு செய்தி. தண்ணீர் உடைத்தபோது ஒரு செய்தி. நடுவிலே கிடந்த 19 ஆண்டுகள்? போகந்தோறும் தண்ணீர் வந்தது. தண்ணீர் முறைக்காகச் சச்சரவு நடந்தது. மேல்வாய்க்காற்காரர் கீழ்வாய்க்காற்காரரைப் பார்த்து முகம் சுளித்தார். தமிழர் முஸ்லிம்கள் சிங்களவர் என்று மூன்று கூட்டத்தாரும் அந்தத் தண்ணீரின் முன்னே ஒரே வரிசையில் நின்றார்கள். மனிதர் வாழ்ந்தது அந்தப் 19 ஆண்டுகளிலேதான். செய்திப் பத்திரிகைக்கு அது வெற்றிடம். கதைக்காரனுக்கு அதுவே வயல்.

துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது 'கேந்திர முக்கியத்துவம்' என்று ஒரு சொற்றொடர் வழங்குகிறது. கொழும்பும் டில்லியும் அதைச் சொல்கின்றன. நம்மவரும் அதைக் கேட்டுக் கேட்டுத் தாமும் சொல்கின்றனர். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைக் கொண்டு அதை விளக்குவார்கள். ஆங்கிலேயர் கட்டியவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இந்த ஊர்மீது குண்டு பொழிந்தன. 1987 உடன்படிக்கையோடு மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களிலே இந்தக் குதங்கள் இடம்பெற்றன. 2003இல் இந்திய நிறுவனத்துக்குக் குத்தகை. 2022 ஜனவரியில் புதிய ஏற்பாடு: 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு. கூட்டிப் பாருங்கள், 99. ஒரு குதம்கூடக் கணக்கில் தவறவில்லை. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான உடன்பாடு வேறு கையெழுத்தாயிற்று.

இரும்புக் குதங்களை எண்ணுவதிலே இத்துணைத் துல்லியம் காட்டும் அரசுகள், குடும்பங்களை எண்ணும்போது மட்டும் தடுமாறுவது ஏன்? சம்பூர் மக்கள் 2006இல் ஊரை விட்டு ஓடினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்பு 500 மெகாவாட் அனல் மின் நிலையம் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. மக்கள் 2015ஆம் ஆண்டு முதல் படிப்படியாகத் திரும்பினர். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நிலக்கரி போய்ச் சூரியன் வந்தது நன்மையே. காற்று கெடாது, கடல் கெடாது. ஆயினும் ஊர் என்ற சொல்லுக்கு மின் அலகிலே பொருள் காணும் வழக்கம் மட்டும் மாறவில்லை. முத்துநகரிலே நெல் விளைந்த வயல்களைத் துறைமுக அதிகார சபையின் காணி என்று சொல்லிச் சூரிய மின் உற்பத்திக்கு ஒதுக்கினார்கள். 2025 செப்டெம்பரில் கமக்காரர் மாவட்டச் செயலகத்தின் முன்னே சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. சூரியன் எல்லோருக்கும் பொது என்று படித்திருக்கிறோம். அதைப் பிடித்து அடைக்கும் கண்ணாடிப் பலகைக்கு மட்டும் ஏழையின் வயல்தான் வேண்டுமாம்.

சட்டத்தரணி இதனைக் காணி வழக்காகப் பார்ப்பார். அது அவர் கடமை. உறுதி இருக்கிறதா, அனுமதிப் பத்திரம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு ஆட்சி என்று கேட்பார். காட்டை வெட்டிக் களனியாக்கியவனிடம் பெரும்பாலும் காகிதம் இராது, கதைதான் இருக்கும். "இந்தக் குளக்கட்டை என் அப்பு மண் சுமந்து உயர்த்தினார்" என்பான். நீதிமன்றத்தில் அதற்கு எடை குறைவு. ஆனால் அக்கதையை முழுதுமாக இருத்திக் கேட்ட சட்டத்தரணியே எந்த ஆண்டில் எந்த உத்தியோகத்தர் வந்தார், எந்த நீர்வரி கட்டப்பட்டது, எந்தப் பற்றுச்சீட்டு எந்தப் பெட்டியில் கிடக்கக்கூடும் என்று துருவி, காகிதத்தைக் கண்டுபிடிக்கிறார். கதை கேட்கத் தெரியாத சட்டத்தரணி பாதி வழக்கோடு நீதிமன்றம் போகிறார் என்று அத்தொழிலிலே பழுத்தவர்களே ஒப்புக்கொள்வர். வைத்தியர்க்கும் இது பொருந்தும். நோயாளி சொல்லும் கதையைக் கேளாமல் மருந்தெழுதும் வைத்தியரைக் கமக்காரர் நம்புவதில்லை.

இவ்வளவு சொன்ன நான், கதையின் எல்லையையும் சொல்ல வேண்டியவனாகிறேன். இங்கேதான் என் மனம் பலகாலமாகத் தடுமாறி வந்திருக்கிறது.

2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையிலே தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் 13 பேரையும், சான்று போதாது என்று, 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அதே 2006ஆம் ஆண்டின் ஓகஸ்ட் 4ஆம் நாள் மூதூரிலே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். அதற்கும் எவரும் தண்டனை பெற்றாரில்லை. சான்று சொல்ல அஞ்சியவர் உண்டு. நாட்டை விட்டுப் போனவர் உண்டு. இந்நிலையில் "நீங்களாவது எழுதுங்கள்; நீதிமன்றம் சொல்லாததைக் கதை சொல்லட்டும்" என்று வேண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேதனை உண்மையானது. எனினும் அந்த வேண்டுகோளின்படி எழுத நான் இசைந்ததில்லை. இசையக்கூடாது என்றே இன்னும் எண்ணுகிறேன்.

ஏனெனில், கதை என்பது கற்பனை கலந்தது. கடற்கரையிலே அந்த ஐவரும் கடைசியாக என்ன பேசினர் என்று நான் எழுதினால், அது நான் இட்டுக்கட்டியது. சுட்டவன் முகத்தை நான் வருணித்தால், அது நான் காணாத முகம். படிப்பவர் கண்ணீர் விடுவர். சில ஆண்டுகளில் என் கற்பனை ஊரார் நினைவோடு கலந்துவிடும். நாளை ஓர் உண்மையான சாட்சி துணிந்து வாய் திறக்கும்போது, "இது கதையிலே படித்தது" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஏளனம் செய்ய நானே வழிசமைத்தவனாவேன். கொலையுண்டவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன் உண்மை ஒன்றே. அந்தக் கடனைக் கற்பனை நாணயத்தில் அடைக்க முடியாது. நடந்ததை நடந்தபடி பதிவுசெய்யும் வேலை சாட்சிக்கும் பத்திரிகையாளனுக்கும் மனித உரிமை ஆர்வலர்க்கும் உரியது; கதைக்காரன் அவர்களுடைய ஆசனத்தில் ஏறி உட்காரலாகாது.

அப்படியானால் மௌனமா? அன்று. நிகழ்ச்சிக்குள் புகாமல் அதன் சுற்றுப்புறத்தை எழுதலாம். மகனைக் கடற்கரைக்குப் போகவிடாத ஒரு தாயை எழுதலாம். அவள் காரணம் சொல்ல மாட்டாள், மகனும் கேட்க மாட்டான். மாலையானதும் கடலைப் பார்க்கும் சாளரத்தைச் சாத்திவிடும் வீட்டை எழுதலாம். சோதனைச் சாவடி எடுபட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்னும் அந்த வளைவிலே மிதிவண்டியை விட்டு இறங்கி நடக்கும் முதியவரை எழுதலாம். இவர்கள் எல்லாரும் கற்பனை மனிதர். எந்த வழக்குக்கும் சாட்சிகள் அல்லர். எவருடைய வாக்குமூலத்தையும் இவர்கள் கெடுக்க மாட்டார்கள். ஆனால் அச்சம் ஓர் ஊருக்குள் எப்படிக் குடியேறித் தங்கிவிடுகிறது என்பதை இவர்களைக் கொண்டு சொல்ல முடியும். நீதிமன்றத்திற்கு அது வேண்டியதில்லை; அடுத்த தலைமுறைக்கு வேண்டும்.

பழங்கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினங்கொள்ளுவோர் இருப்பர், கொள்ளட்டும். கோணமலைப் பாறையிலே இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்கிறோம். இன்றும் அங்கே போய் அந்தியேட்டி செய்கிறோம். குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்கிறோம். அழகிய கதைகள், பாட்டி சொல்லக் கேட்டவை, நான் இவற்றை நேசிக்கிறேன். ஆயினும் இவற்றைக் காணி உறுதியாக நீட்டும் போக்கு அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது. கன்னியாத் தகராறு 2019 ஜூலையில் நீதிமன்றம் ஏறியபோது நம்முடைய கூட்டங்களிலே இராவணன் பெயர் முழங்கியது. இராவணனை நாம் சாட்சிக்கு அழைத்தால் மற்றவர் தமது பழங்கதையிலிருந்து ஓர் அரசனை அழைத்து வருவார், அழைத்தும் வருகிறார். இராவணனையே தமக்குரியவனென்று சொல்லத் தொடங்கிவிட்டவர்களும் தெற்கிலே இருக்கிறார்கள்! கதைக்குக் கதை நின்றால் தொகை பெரிதாயிருப்பவர் கதையே வெல்லும்.

நமக்கு அந்த இக்கட்டு வேண்டியதில்லை. கோணேசர் கோயிலுக்கு ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தர் பாடிய பதிகம் இருக்கிறது. இடித்தவர்களே எழுதி வைத்த போர்த்துக்கேயக் குறிப்புகள் இருக்கின்றன. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த வெண்கலத் திருவுருவங்கள் இருக்கின்றன. 1968இல் கோயிற் சூழலைப் புனித நகராக்கும் முயற்சியைப் பிரதமர் நிறுத்தியபோது, உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி துறந்து வெளியேறினார். அவர் வழக்குக்கு இராவணன் சாட்சியம் தேவைப்படவில்லை. உரிமைக்கு ஆவணத்தைக் காட்டுவோம். கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வோம். இரண்டையும் கலந்தால் ஆவணமும் கதையாகிவிடும், கதையும் செத்துப்போகும். கதை எழுதிப் பிழைப்பவன் ஒருவனே இதைச் சொல்ல வேண்டியிருப்பது விந்தைதான்.

கூட்டத்துக்கு எழுதும் கதைகளும் அவ்வாறே. நம்முடைய கதைகளில் கமக்காரன் எப்போதும் நல்லவன், அதிகாரி எப்போதும் கொடியவன். கதை முடிவில் கமக்காரன் கைமுட்டியை உயர்த்துவான். இவற்றைக் கமக்காரர் படிப்பதில்லை. தம் ஊரிலே அயலானின் வரம்பைக் கள்ளமாய் வெட்டுபவன் உண்டென்றும், குத்தகை நெல்லிலே பதரைக் கலப்பவன் உண்டென்றும் அவர்களுக்குத் தெரியும். அதை எழுதினால் "இவன் உண்மை சொல்கிறான்" என்று நம்புவார்கள். நம்பிய பின்னே நிலம் பறிபோகும் கதையையும் நம்புவார்கள்.

ஆகவே இப்பத்திரிகையின் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அரசியற் பக்கங்களைக் குறைக்க வேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு பக்கம் போதும். அதிலே பெயர் பெற்ற எழுத்தாளர் எழுத வேண்டாம், நான் உட்பட. மூதூரிலும் ஈச்சிலம்பற்றையிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் இருப்பவர், ஆணோ பெண்ணோ, தாம் பேசும் பேச்சிலே எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், சொல்லைத் திருத்தாதீர்கள். எழுத இயலாத முதியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் வேலையை ஊரிலுள்ள ஆசிரியரும் சட்டத்தரணியும் வைத்தியரும் ஏற்கட்டும்; மாதம் ஒரு மாலை ஒதுக்கினாற்கூடப் போதும். நடந்ததைச் சொல்பவை ஒரு தலைப்பின் கீழும், கற்பனைக் கதைகள் வேறொரு தலைப்பின் கீழும் வரட்டும்; இரண்டும் கலக்க வேண்டாம்.

மாரிப் போகத்து வெள்ளாமை மாசியிலும் பங்குனியிலும் வெட்டி முடியும். அதன்பின் சிறுபோகத்துக்கு நிலம் உழும்வரை கமக்காரருக்குச் சற்றே ஓய்வு. முதற் கடிதங்கள் சித்திரை பிறக்கும்போது வந்து சேரும் என்று எதிர்பார்க்கலாம். பக்கத்தை அப்போதைக்கு ஆயத்தமாக வைத்திருப்பாரா ஆசிரியர்?